கொசுறு மூச்சு

சிஸ்டர் யூனிஸ் இன்ஹேலரைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தாள். முதுகில் ஒரு சின்னச் சன்னல், சன்னலுக்குள் மிச்சமிருக்கும் இழுப்புகளின் எண். எண்ணைப் பார்த்தாள், அமெர்லேயைப் பார்த்தாள், மறுபடி எண்ணைப் பார்த்தாள். மீன் வாங்க வருகிறவள் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு விற்கிறவளின் முகத்தைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அமெர்லேக்கு அது பழக்கம். சந்தையில் என்றால் ஒரு வசவோ ஒரு சிரிப்போ கொடுத்து அனுப்பிவிடுவாள். இங்கே அவள் விற்கிறவளும் இல்லை, வாங்குகிறவளும் இல்லை. சும்மா பெறுகிறவள். சும்மா பெறுகிறவளுக்குப் பேரம் பேசும் உரிமை கிடையாது என்பதை இந்த ஆஸ்பத்திரிக்கு வந்துதான் அவள் கற்றுக்கொண்டாள்.

"சைபர்," என்றாள் சிஸ்டர். "மாசம் பாதிகூட ஆகல ஆண்ட்டி. அதுக்குள்ள சைபர்."

"ஆமா. தீந்துபோச்சு."

"எப்படித் தீந்துது?"

"இழுத்தா தீரும். அதுக்குத்தானே குடுத்தீங்க? பூஜை பண்ணவா குடுத்தீங்க?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். செவ்வாய்க்கிழமை பெஞ்சு. சோர்க்கோர் என்ற அந்த மீனவர் கரையில் செவ்வாயன்று யாரும் வலை எடுக்க மாட்டார்கள். அன்றைக்குக் கடலுக்கு ஓய்வு. கடலுக்கு ஓய்வென்றால் மீன் புகைபோடும் அடுப்புகளுக்கும் ஓய்வு. அதைப் பார்த்துத்தான் ஆஸ்பத்திரிக்காரர்கள் நெஞ்சு வைத்தியத்தைச் செவ்வாய்க்கு வைத்திருந்தார்கள். வாரமெல்லாம் புகையில் வெந்த பெண்கள் அன்று குளித்து, நல்ல துணி சுற்றி, தலையில் துணி கட்டி வந்து வரிசையாக உட்காருவார்கள். எவ்வளவு சோப்புப் போட்டாலும் பெஞ்சு மத்தி மணக்கும். எல்லாருக்கும் ஒரே இருமல். அந்த அடுப்புகளில் கரும்புச் சக்கையையும் தேங்காய் மட்டையையும் எரித்து, மீனைப் பொன்னிறமாக்கி, அந்தப் பொன்னிறம் போக மீந்த கறுப்பையெல்லாம் தங்கள் நெஞ்சுக்குள் வாங்கி வைத்தவர்கள்.

சிஸ்டர் சிரிக்கவில்லை. "அத்தனையும் நீங்களே இழுத்திருந்தா இப்ப கை நடுங்கணும், நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கணும். உங்க கை கல்லு மாதிரி இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். நர்சுகள் தாழ்த்தும் குரல் அது. பெஞ்சின் கடைசி ஆள்வரை தெளிவாகக் கேட்டது. "அடுப்பங்கரையில நீங்க காசு வாங்கிட்டு இழுப்பு விக்கறீங்கன்னு பேச்சு. கண்ணால பாத்தவங்களே சொல்றாங்க."

அமெர்லே தலைத்துணியை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினாள்.

அவள் ஒன்றும் தப்பே செய்யாத வியாபாரி இல்லை. கூடையில் பெரிய மீனை மேலேயும் பொடி மீனைக் கீழேயும் அடுக்குவாள். நேற்றைய மீனை இன்று காலையில்தான் இறக்கினேன் என்பாள். விலை படியாவிட்டால் செத்துப்போன தன் அம்மாமேல் சத்தியம் செய்வாள். அந்த அம்மா இப்படி விலைக்காகவே எத்தனையோ தடவை செத்திருக்கிறாள். அதெல்லாம் வியாபாரம். வாங்குகிறவளும் அதேபோல்தான் பொய் சொல்வாள், அடுத்த கூடையில் பாதி விலை என்பாள். இரண்டு பொய்யும் நடுவழியில் சந்தித்துக் கைகுலுக்கிக்கொள்ளும், அதற்குப் பெயர் விலை. ஆனால் மூச்சு? ஒருத்தி கழுத்து நரம்பு புடைத்து, கண் பிதுங்கி முன்னால் நிற்கும்போது அவளிடம் காசைக் காட்டு என்று கேட்கிறவள் மனுஷியா?

"நான் மூச்ச வித்தேன்னு சொல்றியா?" என்றாள் கடைசியில். "என்னப் பாத்து? அடியே, உன் அம்மாவுக்கு நான் கடனா குடுத்த மீன்லதான்டி நீ நர்சுக்குப் படிச்சே!"

அது உண்மை. சிஸ்டர் இன்ஹேலரை அமெர்லேயின் கையில் திருப்பித் திணித்தாள். அவள் எழுந்து போய் டாக்டரைக் கூட்டிவந்தாள்.

டாக்டர் பொன்சு சின்ன வயசுக்காரர், கடலே இல்லாத குமாசிப் பக்கத்து ஆள், இஸ்திரி கலையாத சட்டை. நல்ல மனுஷன்தான், அதுதான் கஷ்டம். கெட்டவனோடு சண்டை போடுவது சுலபம். அவர் வந்ததும் முதலில் பெஞ்சிலிருந்த மேடம் ஃபோஃபோவை எழுந்து நிற்கச் சொன்னார். அவளுடைய இன்ஹேலரை உயர்த்திக் காட்டினார். "இதப் பாருங்க எல்லாரும். எண் எங்க இருக்கணுமோ கரெக்டா அங்க இருக்கு. காலையில, சாயங்காலம், ஒரு இழுப்புகூடத் தவறல. இப்படித்தான் இருக்கணும். கை தட்டுங்க."

பெஞ்சு கை தட்டியது. மேடம் ஃபோஃபோவுக்கு மருந்தின் தகர ருசி பிடிக்காது என்பதும், திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுப் பின்னால் நின்று எண் ஒழுங்காக இறங்கும்வரை ஆட்டின் மூஞ்சியிலேயே அடித்துத் தீர்ப்பாள் என்பதும் அந்தப் பெஞ்சில் தெரியாதவர் கிடையாது. சோர்க்கோரிலேயே சுத்தமான நுரையீரல் அந்த ஆட்டுக்குத்தான். அமெர்லேயும் கை தட்டினாள். பக்கத்துக் கூடைக்காரியிடம் அழுகல் இருந்தாலும் அவளுடைய வாடிக்கை எதிரில் நிற்கும்போது வாயைத் திறக்கக் கூடாது; சந்தையில் முதல் நாள் கற்றுக்கொள்வது அது. ஆட்டுக்குக் கொடுத்தவளுக்குக் கைதட்டல். மனுஷிக்குக் கொடுத்தவளுக்குத் திருட்டுப் பட்டம்.

டாக்டரின் அறையில் காற்றாடி சுற்றியது. அவர் பொறுமையாகத்தான் பேசினார். இது வெளிநாட்டுக்காரர்கள் கொடுக்கிற மருந்து, ஒழுங்காக இழுக்காதவர்களின் பெயரை எடுத்துவிட்டு அடுத்த ஆளுக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், வெளியே எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள்.

"வித்தீங்களா, இல்லையா?"

"விக்கல."

"அப்ப யாருக்குக் குடுத்தீங்க? பேரச் சொல்லுங்க. அவங்க இங்க வரட்டும், நான் பாக்கறேன். மேல இருக்கறவங்களுக்கும் சமாதானம் சொல்லிக்கறேன். அடுத்த செவ்வாய் வரைக்கும் டைம். சொல்லலைன்னா என் கையில ஒண்ணும் இல்லம்மா." கொஞ்சம் நிறுத்திவிட்டு எப்போதும் சொல்வதையும் சொன்னார். "மீன் புகைபோடறத விட்டுட்டா எவ்வளவோ தேவலாம்."

"விட்டுட்டு? உங்க வீட்டு ஹால்ல வந்து உக்காந்துக்கவா டாக்டர்? நீங்க மத்தியானம் கெங்க்கி உருண்டையோட மிளகாய் தொட்டுச் சாப்பிடற மீனு, ஆஸ்பத்திரி மரத்துலயா காய்க்குது?"

டாக்டர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அவளுக்கு எரிச்சல் மூட்டியது. மூச்சுக்கு இவ்வளவு கறாராகக் கணக்குக் கேட்கிறவர்கள், புகைக்கு ஒருநாளாவது கணக்குக் கேட்டார்களா?

வீட்டுக்கு நடந்தபோது வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். மூன்றாவது இடத்தில்தான் விஷயம் பிடிபட்டது. காசு. காசு கைமாறியது நிஜம்தான்.

பக்கத்து அடுப்புக்காரி கொர்க்கோய் கொடுத்த காசு அது. இரண்டு பேருக்கும் ஒரே வயசு, ஒரே கரை, ஒரே மத்தி. அதனால் ஆயுசு முழுக்கப் போட்டி. அமெர்லே தெருவில் கெங்க்கி என்ற சோளமாவு உருண்டை விற்கிற பெண்களுக்கு மீன் கொடுப்பாள். அவர்களுக்கு அவளுடைய இருமல் பாட்டுச் சத்தம் மாதிரி பழகிவிட்டது. கொர்க்கோயின் வாடிக்கையோ வடக்கிலிருந்து லாரியில் வருகிற பெரிய வியாபாரிகள். அவர்கள் கண்ணில் இருமல் பட்டால் அவ்வளவுதான். முன்பு இந்தக் கரைக்காரி ஒருத்தி இன்ஹேலரோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்றதை ஒரு லாரிக்காரி பார்த்தாள். காசநோய்க்காரி மீன் என்று பேச்சுக் கிளம்பியது. மீன் விலைபோகாமல் புழுத்தது, பிறகு அடுப்பு இடிந்தது, இப்போது அந்தப் பெண் அடுத்தவர்கள் அடுப்புக்கு விறகு பிளக்கிறாள். கொர்க்கோயின் நெஞ்சு அமெர்லேயின் நெஞ்சைவிட மோசம். இருந்தும் அந்தப் பெஞ்சு பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள்.

ஒருநாள் லாரிகள் போன பிறகு, கொர்க்கோய் தன் அடுப்பின் மண்சுவரைப் பிடித்துக்கொண்டு நீலம் பாரித்து நிற்பதை அமெர்லே பார்த்தாள். ஒன்றும் பேசாமல் இன்ஹேலரை நீட்டினாள். கொர்க்கோய் இழுத்தாள். மூச்சு திரும்பி வந்ததும் முதல் வார்த்தையாக, "உன் தயவு எனக்கு வேண்டாம்," என்றாள். மறுநாள் அதே நேரத்துக்கு வந்தாள், கையில் காசோடு. "மத்தி ஒரு கை குடு." மலைபோல் மீன் அடுக்கி வைத்திருப்பவள் பக்கத்து அடுப்பில் மீன் வாங்குகிறாள்! அமெர்லே வாய்பிளந்து பார்த்தாள். விலை சொன்னாள். கொர்க்கோய் அடித்துப் பேசினாள், மீன் சோடை என்றாள், தீய்ந்துவிட்டது என்றாள், கடைசியில் வாங்கினாள். வாங்கிவிட்டு, போகாமல் உள்ளங்கையை நீட்டியபடி நின்றாள்.

"என் கொசுறு எங்க?"

அந்தக் கரையில் கொசுறு கொடுக்காதவளை வியாபாரி என்றே சொல்ல மாட்டார்கள். மீனுக்குத்தான் விலை, மேலே போடுகிற ஒன்றுக்கு விலை கிடையாது. அது வாங்குகிறவளின் உரிமை, கேட்டு வாங்கலாம், வெட்கமில்லை, நன்றியும் சொல்ல வேண்டியதில்லை. அமெர்லேக்குப் புரிந்தது. முணுமுணுத்துக்கொண்டே இடுப்புத் துணியிலிருந்து இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து தினமும் அந்தப் பேரம் நடந்தது. தினமும் கொர்க்கோய் மீனைக் குறை சொன்னாள், தினமும் அமெர்லே அவள் வாயைக் குறை சொன்னாள், தினமும் கொசுறு போனது. மானத்தைக் காப்பாற்ற இரண்டு பேரும் கட்டிய அந்த நாடகத்தைத் தூரத்திலிருந்து பார்த்த ஒரு கண் காசையும் இழுப்பையும் மட்டும் பார்த்திருக்கிறது. நடுவிலிருந்த மீனைப் பார்க்கவில்லை.

அமெர்லே வீட்டுக்குப் போகவில்லை. நேரே கொர்க்கோயின் அடுப்புக்குப் போனாள். கொர்க்கோய் கம்பிவலைத் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அடியே, உன்னால எனக்குத் திருட்டுப் பட்டம்! நான் மூச்சு விக்கறேனாம்!"

"எவ சொன்னா?"

"ஆஸ்பத்திரியே சொல்லுது. என் பேர எடுக்கப் போறாங்க. பேரச் சொல்லுன்னு டாக்டர் கேக்கறாரு. நீ வந்து சொல்லு. வாங்கினது மீனு, இழுத்தது கொசுறுன்னு சொல்லு."

கொர்க்கோய் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "அந்தப் பெஞ்சுலயா? பொழுது சாயறதுக்குள்ள லாரி நிக்கற எடம்வரைக்கும் சேதி போயிரும். நீ என் பேரச் சொன்னேன்னு வை, நீ சொல்றது பொய்யின்னு நான் சத்தியம் பண்ணுவேன்."

"சும்மாவே குடுத்திருப்பேனேடி! யாரு உன்னக் காசு வைக்கச் சொன்னா?"

"சும்மா வாங்கறதுக்கு நான் என்ன பிச்..." என்று ஆரம்பித்த கொர்க்கோய் பாதியில் நின்றாள். மூச்சு முட்டிவிட்டது. முழங்காலில் கையூன்றிக் குனிந்தாள். அமெர்லே இடுப்பில் கை வைத்துக் காத்திருந்தாள். எதிராளி வசவை முடிக்காமல் பதில் வசவு தொடங்குவது முறையில்லை. "...பிச்சைக்காரியா?" என்று முடித்தாள் கொர்க்கோய். இப்போது அமெர்லேயின் முறை. அவள் வாயெடுத்தபோது அவளுக்கும் அடைத்துக்கொண்டது. கவிழ்த்து வைத்த தட்டின்மேல் உட்கார்ந்தாள். கொர்க்கோய் காத்திருந்தாள். அடுத்த அடுப்புகளிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு வசவு, ஒரு நீண்ட மூச்சிழுப்பு, மறுபடி ஒரு வசவு. சோர்க்கோரில் இவ்வளவு மெதுவாக நடந்த சண்டை வேறு கிடையாது. கடைசியில் இரண்டு பேருக்கும் வசவு மிச்சமிருந்தது, காற்றுதான் இல்லை. அமெர்லே எழுந்து போய்விட்டாள்.

அந்த வாரம் மத்தி நிறைய வந்தது. படகுகள் கரை ஏற ஏற எல்லா அடுப்பும் புகைந்தது. மருந்து இல்லாத அமெர்லே ஒரு தட்டை ஏற்றுவதற்குள் நான்கு தடவை நின்றாள். படுத்தால் அடைத்தது, சுவரில் சாய்ந்தே தூங்கினாள். காலியான இன்ஹேலரைச் சிலசமயம் எடுத்து உதறி, வாயில் வைத்து அழுத்துவாள். ருசிகூட வராது. பெயரைச் சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றும். ஒரே ஒரு சொல். அவள் சத்தியம் செய்தால் செய்யட்டும், டாக்டர் யாரை நம்புவார்? பிறகு விறகு பிளக்கிற அந்தப் பெண் சுமையோடு அடுப்புப் பக்கம் வருவாள். அமெர்லே இன்ஹேலரை இடுப்பில் செருகிக்கொள்வாள். மாலை வேளையில் கொர்க்கோய் மீன் வாங்க வரவில்லை. காலி என்று அவளுக்குத் தெரியும். இரண்டு அடுப்புக்கும் நடுவே புகை மட்டும் போய்வந்தது. திங்கட்கிழமை கொர்க்கோயின் அடுப்பில் பாதித் தட்டுகள்தான் ஏறியிருந்தன. அவளுடைய மீதி மீன் கூடையில் பச்சையாகக் கிடந்தது.

செவ்வாய் வந்தது. பெஞ்சு, மத்தி மணம், இருமல். மேடம் ஃபோஃபோவின் எண் வழக்கம்போல் அழகாக இறங்கியிருந்தது. டாக்டரின் மேசைமேல் ஒரு புது இன்ஹேலர் இருந்தது, உறை பிரிக்காமல். அமெர்லே அதைப் பார்க்காமலிருக்கப் பார்த்தாள்.

"சொல்லுங்கம்மா. யாரு?"

"யாரோ. மூச்சு முட்டி நின்னாங்க, குடுத்தேன். நீங்க டாக்டரு, நீங்க நின்னிருந்தா குடுத்திருக்க மாட்டீங்களா?"

"குடுத்திருப்பேன்," என்றார் அவர். "ஆனா தினமும் குடுத்தா நீங்க ரெண்டு பேருமே சரியாக மாட்டீங்க. அவங்கள வரச் சொல்லுங்கன்னுதான் சொல்றேன். பேரு மட்டும் போதும்."

"பேரு விலைக்கு இல்ல."

டாக்டர் பெருமூச்சு விட்டார். அவருக்கு அது எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அமெர்லே பார்த்தாள். அவர் அவளுடைய பெயர் இருந்த தாளை முன்னால் இழுத்துப் பேனாவைத் திறந்தார். வெளியே பெஞ்சின் சலசலப்பு சட்டென்று நின்றது. சிஸ்டர் யூனிஸ் யாரையோ தடுப்பது கேட்டது. "ஆண்ட்டி, வரிசையில வாங்க... ஆண்ட்டி!" கதவு திறந்தது.

கொர்க்கோய். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் எடுக்கிற துணியைச் சுற்றியிருந்தாள். கரையிலிருந்து நடந்தே வந்திருக்க வேண்டும். உதடு ஊதா நிறம், கழுத்துக் குழி மூச்சுக்கு மூச்சு உள்ளே போய் வந்தது. டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். கொர்க்கோய் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேசையருகே வந்து துணி முனையின் முடிச்சை அவிழ்த்து ஒரு காசை எடுத்து, அமெர்லேயின் முன்னால் வைத்தாள். அது அந்தத் தாளின்மேல் விழுந்தது.

"மத்தி," என்றாள். "ஒரு... கை."

அறையில் மீன் எதுவும் இல்லை. டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அமெர்லே காசைப் பார்த்தாள். திறந்த கதவுக்கு வெளியே மொத்தப் பெஞ்சும் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. காசநோய்ப் பேச்சைக் கிளப்பிய அந்த லாரிக்காரியின் அண்ணிகூட அங்கே இருந்தாள்.

"இந்தக் காசுக்கு ஒரு கையா?" என்றாள் அமெர்லே. "வால்கூட வராது."

"போன வாரம்... குடுத்தே."

"போன வார மீனு வேற, இந்த வார மீனு வேற. இன்னொண்ணு வை. சீக்கிரம் வைடி."

கொர்க்கோய் இன்னொரு காசை வைத்தாள். "தீஞ்ச மீனு. வாய்... கொழுப்பு."

"சரி, ஒழி. எடுத்துக்க." அமெர்லே வெறுங்கையைக் குவித்து அள்ளி, கொர்க்கோயின் துணி முனையில் போட்டாள். கொர்க்கோய் அதை மடித்து இடுப்பில் செருகினாள். பிறகு உள்ளங்கையை நீட்டினாள்.

"கொசுறு."

மேசைமேல் இருந்த உறையை அமெர்லே எடுத்துப் பல்லால் கிழித்தாள். டாக்டர் ஏதோ சொல்ல வந்தார். கொர்க்கோயின் பின்னாலேயே உள்ளே வந்திருந்த சிஸ்டர் யூனிஸ் அவருடைய முழங்கையைத் தொட்டாள். அமெர்லே இன்ஹேலரை உதறினாள். புதுசுக்கு முதலில் காற்றில் அடிக்க வேண்டும் என்று இந்த அறையில்தான் சொல்லிக்கொடுத்தார்கள். சாராயத்தின் முதல் துளியை முன்னோர்களுக்கு மண்ணில் விடுவதுபோல அவள் அதைக் காற்றுக்கு விட்டாள். பிறகு கொர்க்கோயின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"மூச்ச விடு. முழுசா விடு, கஞ்சத்தனம் பண்ணாத. ம், இழு. பிடிச்சுக்க."

கொர்க்கோய் கண்ணை மூடிப் பிடித்துக்கொண்டாள். வெளியே ஒருத்திகூட இருமவில்லை. டாக்டரின் பேனா திறந்தபடியே இருந்தது. தாளில் அமெர்லேயின் பெயர்மேல் அந்த இரண்டு காசுகள் கிடந்தன. வருஷக்கணக்காக மீன் கையில் புழங்கிய காசுகள்; அவற்றைச் சுற்றி எண்ணெய் வட்டம் தாளில் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. காசுகளை எடுக்க யாரும் கை நீட்டவில்லை.